சென்னைச் சூட்டில் ஒரு பனிக்கிருமி

குளிர் இன்குபேட்டரின் கதவைத் திறந்தால் முகத்தில் சில்லென்று காற்று அடிக்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமைக் காலையில் ரூபீனாவின் முகத்தில் அடித்தது, நெரிசலான மாநகரப் பஸ்ஸுக்குள் வீசுகிற காற்று. உள்ளே விளக்கு எரியவில்லை. எப்போதும் நாலு டிகிரி என்று பச்சை எழுத்தில் காட்டுகிற சின்னத் திரை கறுத்துக் கிடந்தது. கிருமி வளர்க்க அடுக்கி வைத்திருந்த பெட்ரி தட்டுகளின் மூடியெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

கரண்ட் போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் எதிர் மேஜையில் சரஸ்வதி படத்தைச் சுற்றிச் சீரியல் லைட் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஜோராகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. கரண்டுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அந்த லைட்டின் ஒயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனாள். அது மேஜைக்குக் கீழே இறங்கி, சுவரோரமாக ஊர்ந்து, இன்குபேட்டருக்குப் பின்னால் இருந்த பிளக் பாயிண்டில் போய் முடிந்தது. அதற்குக் கீழே தரையில், தடித்த கறுப்பு ஒயர் ஒன்று பிளக்கோடு மல்லாந்து கிடந்தது.

அதைப் பிடுங்கிப் போட்டவள் வேறு யாருமில்லை, ரூபீனாவேதான்.

ஆயுத பூஜை என்றால் அடையாறிலிருந்த அந்த ஆய்வகத்தில் எந்திரங்களுக்கெல்லாம் கொண்டாட்டம். சென்ட்ரிஃபியூஜுக்குச் சந்தனம், மைக்ராஸ்கோப்புக்குக் குங்குமம், ஆட்டோகிளேவுக்குச் சாமந்தி மாலை. ஆய்வக உதவியாளர் நல்லசிவத்தின் குடும்பத்துக்குத் தி. நகரில் பாத்திரக்கடை, கடையில் தராசுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை இங்கே எடைபோடும் எந்திரத்துக்கும் நடக்கும். அலங்காரம் மட்டும் ரூபீனாவின் பொறுப்பு. தேனாம்பேட்டைப் பெண். அப்பா அன்வர் பாஷா பாண்டி பஜாரில் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். ஜிகினாவிலும் சரிகையிலும் புரண்டு வளர்ந்தவள் என்பதால், அவள் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருஷமே அந்தப் பதவி தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இந்த வருஷம் ரங்கநாதன் தெருவில் புதுச் சீரியல் செட் வாங்கி வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூஜை. பொரியை வாயில் போட்டுக்கொண்டே மேஜைக்கடியில் குனிந்தாள், பழைய வெந்நீர்த் தொட்டியின் ஒயர் என்று நினைத்து எதையோ பிடுங்கினாள், லைட்டைச் செருகினாள். எல்லாரும் கைதட்டினார்கள். புதனும் வியாழனும் விடுமுறை, வெள்ளிக்கு ஆளாளுக்கு ஒரு லீவைப் போட்டு, சனி ஞாயிறையும் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

இத்தனை நாளும் ஆளில்லாத அறையில் லைட் கண்ணடித்துக்கொண்டிருந்தது. பனியாற்றுக் கிருமிகள் சென்னைச் சூட்டில் வெந்துகொண்டிருந்தன.

அந்தக் கிருமிகளைப் பிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு கோடைக்கு முன்னால் இமயமலையில் ஸ்பிதிக்கும் மேலே, வரைபடத்தில் பெயர்கூடப் போடாத ஒரு சின்னப் பனியாற்றுக்கு ஏறினாள். கடல்மட்டத்திலேயே வாழ்ந்த உடம்பு. வழியெல்லாம் வாந்தி. "கண்ணுக்கே தெரியாத ஒண்ணைத் தேடி மலை ஏறுற பொண்ணை எவன் கட்டிப்பான்?" என்று கேட்ட அப்பா, கடைசியில் அவளுக்கு இரண்டு கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்து வழியனுப்பினார். பனியின் மேல் படிந்திருந்த கறுப்புத் தூசிக்கு அடியில் சுரண்டி எடுத்த ஐஸைத் தெர்மகோல் பெட்டியில் அடைத்து, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

முதல் தவணையில் வளர்ந்ததெல்லாம் பழைய ஆட்கள், உலகம் ஏற்கெனவே பெயர் வைத்து ஜாதகம் எழுதி வைத்துவிட்ட கிருமிகள். மிச்சமிருந்த பனிநீர் முழுவதையும் இரண்டாம் தவணையில் போட்டாள். இந்தத் தடவை தட்டுகளில் சத்தைக் குறைத்து, நாலு டிகிரியில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தாள். பனிக்கிருமிகளுக்கு அவசரம் என்பதே கிடையாது. செப்டம்பர் கடைசியில்தான் ஊசிமுனைப் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. உடனே எடுத்து ஆழ்குளிர்ப் பெட்டியில் சேமித்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் கொழுக்கட்டும், பூஜை முடிந்து வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டாள். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியை உடைத்தாள்.

திரும்பப் போய் எடுத்து வரவும் வழியில்லை. அவள் ஐஸ் சுரண்டிய அந்தப் பனியாற்று முனை போன ஆகஸ்டில் உடைந்து பள்ளத்தாக்கில் சரிந்துவிட்டது. வழிகாட்டியாக வந்த ஆள் போட்டோ அனுப்பியிருந்தான். பழுப்புக் கற்கள், நடுவில் ஒரு குட்டை, அவ்வளவுதான். அந்தப் பனியில் இருந்த உயிர் ஏதாவது மிச்சம் இருந்தால் அது இந்தத் தட்டுகளில்தான் இருந்தாக வேண்டும். அந்தத் தட்டுகள்தான் இப்போது வியர்த்து வழிந்துகொண்டு அவள் கையில் இருந்தன.

ஒன்றிரண்டில் பூஞ்சை பூத்திருந்தது. மற்றவற்றில் புள்ளிகள் சுருங்கிப்போய் இருந்தன. ரூபீனா தரையில் உட்கார்ந்து பேராசிரியை விசாலாக்ஷிக்கு போன் போட்டாள். அவர் மயிலாப்பூர் வீட்டில் கொலுப் பொம்மைகளைக் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், நான்... பிளக்கை... சீரியல் லைட்டு..."

"அழுதுண்டே பேசாதே, ஒண்ணும் புரியலை. முதல்லேர்ந்து சொல்லு."

சொன்னாள். மறுமுனையில் காகிதம் கசங்கும் சத்தம் நின்றது.

"தட்டெல்லாம் தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்ல மேடம். ஆனா எல்லாம் செத்துப்போச்சு."

"செத்துதா இல்லையான்னு சொல்றதுக்கு நீ யாரு? அது சொல்லட்டும். ஒவ்வொரு புள்ளியையும் தொட்டு, புதுத் தட்டுல தீட்டி, நாலு டிகிரில வை. அப்புறம் கையைக் கட்டிண்டு உக்காரு. அந்தப் பிளக்கு மேல டேப்பை ஒட்டு, முதல்ல."

திட்டியிருந்தால்கூட ரூபீனாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். சுருங்கிப்போன புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கம்பி வளையத்தால் தொட்டுப் புதுத் தட்டுகளில் இழுத்தாள். செத்தவர்களுக்கு ஊசி போடுகிற மாதிரிதான் இருந்தது. ஆனாலும் ஒரு புள்ளியைக்கூட விடவில்லை.

தீபாவளி வந்து போனது. தினமும் கதவைத் திறப்பாள், சில்லென்ற காற்று அடிக்கும், தட்டுகள் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருக்கும். தீபாவளிக்கு மறுவாரம் ஒரு காலையில் வழக்கம்போல் பார்த்துவிட்டு மூடப் போனவள், கதவைப் பிடித்த கையோடு நின்றாள். அடித்தட்டில் இருந்த ஒன்றில், அவள் வளையத்தால் இழுத்த கோட்டின் மேலேயே, பவழ நிறத்தில் பொடிப் பொடியாக ஏழெட்டுப் புள்ளிகள் வரிசை பிடித்திருந்தன.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து அஸ்வின் ஓடி வந்தான். அவளோடு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவன், தயிர்க் கிருமிகளை ஆராய்கிறவன். தயிர்போலவே எதிலும் கொஞ்சம் புளிப்பு. தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"மச்சி, சொன்னா ஃபீல் பண்ணக் கூடாது. இது நம்ம ஊரு சரக்கு."

"என்ன சொல்ற?"

"ஆறு நாள் முப்பது டிகிரிக்கு மேல வெந்துகினு இருந்த தட்டு. மூடியெல்லாம் வேர்வை. காத்துல இருந்து ஏதோ எறங்கிருக்கு. பனியில வாழ்றது அந்தச் சூட்டுல எப்டி பொழைக்கும்?"

ரூபீனாவுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. அறைய முடியாததற்குக் காரணம், அவன் சொன்னது நியாயம். தேனாம்பேட்டை சிக்னல் தூசியில் பிறந்த ஒன்றுக்குப் பனியாற்றுப் பட்டம் கட்டி ஊருக்குக் காட்டினால் அதைவிட அசிங்கம் வேறில்லை.

"சரி, அதுங்கிட்டயே கேட்டுருவோம்," என்றாள்.

கேட்கிற வழி சுலபம்தான். அதே புள்ளிகளிலிருந்து தொட்டு இன்னும் கொஞ்சம் தட்டுகள் தீட்டினாள். ஒரு பங்கை மேஜைமேல் சென்னைச் சூட்டில் வைத்தாள். இன்னொரு பங்கை ஒட்டுத்தாளால் சுற்றி அடைத்து, தெர்மகோல் பெட்டியில் பொடித்த ஐஸுக்குள் புதைத்தாள். ஊர்க்கிருமியாக இருந்தால் மேஜைமேல் ஒரே நாளில் கொழித்துவிடும், ஐஸுக்குள் அசையாது. பனிக்கிருமியாக இருந்தால் நேர்மாறு.

மேஜைத் தட்டில் மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அஸ்வின் போகும்போதும் வரும்போதும் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். நாலாம் நாள் அவள் ஆர்வம் அவனுக்கும் தொற்றிக்கொண்டது. தயிரை விட்டுவிட்டு ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டான்.

அப்போது பார்த்து மழை பிடித்தது. சென்னை மழை வந்தால் அளவாக வருமா? டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது என்று அந்த வட்டாரம் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஆழ்குளிர்ப் பெட்டிகளுக்கு மட்டும் ஜெனரேட்டர். ஐஸ் மெஷின் நின்றது. பெட்டியில் இருந்த ஐஸ் தண்ணீராகிக்கொண்டே வந்தது.

"சூடானா செத்துருமா?" என்றான் அஸ்வின்.

"சாகாது. ஆனா சோதனை கெட்டுடும். பூஜ்ஜியத்துலதான் வளந்துச்சுன்னு எப்டிச் சொல்றது?" ரூபீனா நகத்தைக் கடித்தாள். "ஐஸ் வேணும், அஸ்வின். இப்பவே."

கூல்டிரிங்க்ஸ் கடைகளில் ஃப்ரிட்ஜே அணைந்து கிடந்தது. அஸ்வின்தான் சட்டென்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். "மீன்காரங்க! ஏறு வண்டியில."

முழங்கால் தண்ணீரில் வண்டியை உருட்டியும் ஓட்டியும் பட்டினப்பாக்கம் மீன் அங்காடிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் நனைந்த கோழிகள். மழைக்குக் கடை பாதிக்குமேல் காலி. ஒரு அம்மா மட்டும் நீலத் தார்பாயைப் போர்த்திக்கொண்டு வஞ்சிரத்துக்குக் காவல் இருந்தார்.

"அக்கா, ஐஸ் வேணும். ஒரு சாக்கு."

"மீனு?"

"மீன் வேணாம்க்கா. ஐஸ் மட்டும்."

"நல்லா கீதே கதை. கொட்ற மழையில ஐஸ் வாங்க வந்துக்கினீங்களா? இன்னாத்துக்கு?"

"ஒரு கிருமி வளக்குறோம்க்கா. அதுக்குக் குளிரா இருக்கணும்," என்றாள் ரூபீனா, பல் தந்தியடிக்க.

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஊரே கிருமிக்கு மருந்து அடிச்சினு கீது, நீ ஐஸ் வெச்சு வளக்குறியா? சர்தான், எட்துகினு போ. அரைக் கிலோ சங்கராவாவது வாங்கிக்க, நான் யாவாரம் பண்ணணும்ல."

சங்கரா மீனும் சாக்கு ஐஸுமாகத் திரும்பினார்கள். மின்சாரம் வருவதற்குள் மறுபடி ஒரு தடவை போய் வந்தார்கள். இந்தத் தடவை நெத்திலி. ஆய்வகம் முழுக்கக் கவிச்சி. நல்லசிவம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாங்க சைவம்மா, தெரியும்ல?" என்று புலம்பிக்கொண்டே ஐஸை உடைத்துக் கொடுத்தார்.

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள், ஈரச் சாக்கை விலக்கி, தட்டைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மீன் ஐஸின் பூஜ்ஜியம் டிகிரியில், பவழப் புள்ளிகள் கோலம் போட்ட மாதிரி கோடு முழுக்கப் பூத்திருந்தன. மேஜைமேல் இருந்த தட்டு அன்றைக்கும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அஸ்வின்!"

அவன் பார்த்தான். "நம்ம ஊரு சரக்கு இல்ல," என்றான். பிறகு இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு குதித்த குதியில் மேஜைமேல் இருந்த பீக்கர்கள் கிணுகிணுத்தன. மேஜையில் சும்மா கிடந்த தட்டையும் அவள் பிறகு குளிரில் வைத்துப் பார்த்தாள். அதிலும் புள்ளிகள் வந்தன. சூட்டில் அது வளரவில்லை, சாகவுமில்லை. காலம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே குப்பிகளில் நிரப்பி ஆழ்குளிர்ப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் ரூபீனா டீ குடிக்கப் போனாள். பட்ட புத்தி.

பனிக்கிருமி என்பது தெரிந்துவிட்டது. புதுக்கிருமியா என்பது தெரிய வேண்டுமே. அடையாளம் பார்க்க வழக்கமாகப் படிக்கிற ஒரே ஒரு மரபணுவை மட்டும் படித்துச் சொல்லக் கேட்டு அனுப்பினார்கள். பதில் வந்ததும் சாண் ஏறினால் முழம் சறுக்கியது. வடதுருவ மண்ணில் கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிட்ட ஒரு கிருமியோடு இது கிட்டத்தட்ட தொண்ணூற்றொன்பது சதவீதம் ஒத்துப்போனது.

விசாலாக்ஷி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அதே ஆசாமியா இருக்கலாம், ரூபீனா. மரபணுத் தொகுதி முழுசையும் படிச்சாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும். அதுக்கு அனுப்பறதுக்கு ஒரு காரணம் வேணும். கமிட்டில கேப்பா. நான் என்னத்தைச் சொல்லட்டும்?"

ரூபீனா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தன் மேஜைக்கு வந்தாள். அந்த வடதுருவக்காரனைப் பற்றிய கட்டுரையை எடுத்துப் படித்தாள், எதிரியின் முகத்தையாவது பார்க்கலாம் என்று. நிறம், வடிவம், என்ன தின்னும், எங்கே வளரும். ஒரு வரிக்கு வந்ததும் அவளுக்குள் பொறி தட்டியது. மறுபடி படித்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, கட்டுரையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"மேடம்! இருபத்தஞ்சு டிகிரியில ஒரு நாள் வெச்சா செத்துரும்னு போட்டிருக்கு! ஒரே நாள்!"

"எது?"

"அந்த வடதுருவத்து ஆளு. நம்மது ஆறு நாள் இங்க இருந்துச்சு மேடம், சென்னையில! நான் பிளக்கைப் பிடுங்கி வெச்சேனே!"

விசாலாக்ஷி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்தார். "பனியில இருக்கறதுக்கு இந்தச் சூடு தாங்கற சாமர்த்தியம் எதுக்கு?" என்றார், தனக்குத்தானே கேட்பதுபோல.

"அந்தக் கறுப்புத் தூசி, மேடம்." ரூபீனாவுக்கு மூச்சு வாங்கியது. "அதுக்கு அடியிலதான் சுரண்டினேன். மதியானம் அங்க அடிக்கிற வெயில்ல அந்தத் தூசியும் கல்லும் கை வைக்க முடியாம கொதிக்கும். சாயங்காலமானா உறைஞ்சு போயிடும். தினம் தினம் ரெண்டையும் பாத்துப் பாத்து பழகிருக்கு. இதைச் சூட்டுல வெச்சுப் பாக்கணும்னு நமக்குத் தோணவே தோணாது. பனிக்கிருமியை யாரு சூட்டுல வெப்பாங்க?"

"உன்னைத் தவிர," என்றார் விசாலாக்ஷி. அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது. "காரணம் கிடைச்சாச்சு. அனுப்பு. அந்த ஆறு நாளையும் பொய் கலக்காம எழுது. பிளக்கு, லைட்டு, எல்லாத்தையும்."

முழு மரபணுத் தொகுதியை ஒப்பிடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. தெரிந்த கிருமியோடு தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பழசு, அதற்குக் கீழே வந்தால் புதுசு. டிசம்பர் முழுவதும் ரூபீனாவின் தலைக்குள் அந்த எண்தான் ஓடியது. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டால் தொண்ணூற்றைந்து என்றாள்.

கடைசி வாரம், ஒரு சாயங்காலம் தரவுகள் வந்து சேர்ந்தன. பக்கத்தில் அஸ்வின் நின்றுகொண்டிருக்க, ஒப்பிடும் வேலையை அவளே ஓட்டினாள். திரையில் சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றது.

எண்பத்தெட்டு.

ரூபீனா அதை நம்பவில்லை. வேறு உறவுக்காரக் கிருமிகளோடும் ஒப்பிட்டாள். எல்லாம் அதற்கும் கீழே. மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். எண்பத்தெட்டு. பக்கத்தில் அஸ்வின், "மச்சி, மச்சி, மச்சி," என்று அதைத் தவிர வேறு வார்த்தை தெரியாதவன்போல முதுகில் குத்திக்கொண்டிருந்தான். அவள் விசாலாக்ஷிக்கு போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். மார்கழியில் சாயங்காலம் அவர் எங்கே இருப்பார் என்பது ஆய்வகத்தில் எல்லாருக்கும் தெரியும். மயிலாப்பூர்ச் சபாவில், மூன்றாம் வரிசையில், ஓரத்து நாற்காலியில்.

ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாள். "மயிலாப்பூர்ண்ணா, சீக்கிரம்!"

"லஸ்ஸாண்ட செம டிராஃபிக் கீதும்மா. மந்தவெளில பூந்து வுட்றேன். இன்னா, ஆஸ்பத்திரியா?"

"இல்லண்ணா. கச்சேரி."

"கச்சேரிக்கா இம்மாம் அவசரம்?" என்றார் டிரைவர். ஆனாலும் வண்டியைப் பறக்கவிட்டார். ரூபீனா வழியெல்லாம் போனைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்தாள், மூடினாள், திறந்தாள்.

சபா வாசலில் பேட்ஜ் குத்திய பெரியவர் ஒருவர் தடுத்தார். பாட்டு முடியும்வரை உள்ளே விட மாட்டாராம். ரூபீனா கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பாட்டு நின்று, தனி ஆவர்த்தனம் தொடங்கியது. மிருதங்கம் முதல் தட்டு தட்டியதுதான் தாமதம், கதவு திறந்து பாதிச் சபை கேண்டீன் போண்டாவை நோக்கிப் புறப்பட்டது. அந்தப் பட்டுப்புடவை வெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டு அவள் உள்ளே நுழைந்தாள்.

விசாலாக்ஷி கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தனிக்கு எழுந்து போகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வித்வானை அவமானப்படுத்துகிறார்கள் என்று வருஷா வருஷம் ஆய்வகத்தில் ஒரு பிரசங்கம் நடக்கும். ரூபீனா நாற்காலியோரம் குந்தி, போனை அவர் மடியில் வைத்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். திரையைப் பார்த்தார். தாளம் போட்ட கை பாதியில் அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு விசாலாக்ஷி எழுந்தார். மிருதங்கம் வெளுத்து வாங்கிக்கொண்டிருக்க, பக்கத்து நாற்காலி மாமி வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, ரூபீனாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கேண்டீன் பந்தலுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார். "எண்பத்தெட்டா? சரியாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை ஓட்டினேன் மேடம்."

"பழசு எதோடயும் ஒட்டலையா?"

"ஒட்டல மேடம். புதுசு. யாருமே பாக்காதது."

"யாருமே பாக்காதது," என்று விசாலாக்ஷி திருப்பிச் சொன்னார். அதற்குமேல் அடக்க முடியவில்லை. காபி டம்ளரோடு போகிற வருகிறவர்கள் நடுவில், முப்பது வருஷமாக மாணவர்களை விறைப்பாகவே வைத்திருந்த அந்த அம்மாள் ரூபீனாவைக் கட்டிக்கொண்டு, "சாதிச்சுட்டியேம்மா, சாதிச்சுட்டியே," என்று குலுங்கினார். ரூபீனாவும் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள். இப்படி ஒரு சந்தோஷம் உடம்பில் வந்து நிற்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் விசாலாக்ஷிக்குள் இருந்த பேராசிரியை திரும்பி வந்துவிட்டார். "பத்திரமா இருக்கோல்லியோ? எங்கெங்கே வச்சிருக்கே?"

"கேக்கவே வேணாம் மேடம். பட்டவளாச்சே." ரூபீனா பெருமையாக விரலை மடக்கினாள். "நம்ம டீப் ஃப்ரீசர்ல ஒண்ணு. இன்குபேட்டர்ல தட்டுல ஒண்ணு. கிண்டியில இன்னொரு லேப்ல குடுத்து வெச்சது ஒண்ணு. கிருமிச் சேமிப்பகத்துக்குப் பார்சல் அனுப்பினது ஒண்ணு. நாலு எடம்."

நாலு விரல் மடங்கிவிட்டது. கட்டை விரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"அங்கே, மலையிலே?" என்றார் விசாலாக்ஷி மெதுவாக.

"அங்க ஒண்ணுமே இல்ல மேடம். வெறும் கல்லுதான்."

நாலு இடம் என்று அவள் சொன்னது கைவசம் உள்ள கணக்கை. சொல்லி முடித்த பிறகுதான் விளங்கியது, இந்த உலகத்தில் அது இருப்பதாக யாருக்கும் தெரிந்த இடமே அந்த நாலுதான். உள்ளே மிருதங்கமும் கடமும் மோதிக்கொண்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தன.

விசாலாக்ஷி புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

"நாலு போறாது. நடடி லேபுக்கு. இன்னும் பத்துக் குப்பி போடலாம், காலம்பற ஊர் ஊரா அனுப்பலாம்."

"மேடம், கச்சேரி?"

"அது அடுத்த வருஷமும் நடக்கும்," என்றார் விசாலாக்ஷி. அதற்குள் தெருவுக்கு இறங்கி, கையை நீட்டி, வந்த ஆட்டோவை நிறுத்திவிட்டிருந்தார்.